அக்டோபர் ஒன்றில் தொடங்க வேண்டாம்

கேள்வி: கடலூரில் ஒரு மின்கட்டமைப்பு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மின்பாதை போடுவது, துணைமின் நிலையம் அமைப்பது, சிப்காட் ஆலைகளின் சுவிட்ச்யார்டுகளைப் பராமரிப்பது, இவைதான் எங்கள் தொழில். கடலூர், வடலூர், வில்லியனூர், காரைக்கால் என நான்கு ஊர்களில் ஸ்டோர்ஸ். இருப்பு, வேலை ஆணை, ஒப்பந்த பில், சம்பளம் எல்லாம் எங்கள் ஊழியர் ஒருவரே இருபது வருடத்துக்கு முன் எழுதிய ஃபாக்ஸ்புரோ மென்பொருளில் ஓடுகின்றன. கணக்கு மட்டும் டேலியில். எழுதிய அண்ணன் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கும் முதலாளியின் மகன், எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே ஈஆர்பி (இருப்பு, பில், சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்), அதுவும் கிளவுடில் (இணையம் வழியாக வெளியிடத்துச் சர்வரில்), வருகிற அக்டோபர் 1-ம் தேதி நான்கு ஸ்டோர்ஸிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்கிறார். மூன்று கம்பெனிகள் டெமோ காட்டிவிட்டன. எதை வாங்கலாம் என்று என்னை அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார். ஸ்டோர்ஸ்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். மூன்றில் எதைச் சொல்லட்டும்? சின்னவரிடம் எப்படிச் சொல்லட்டும்?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றில் எது என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பக்கென்றது அந்தத் தேதியைப் பார்த்துத்தான். அரையாண்டு தொடங்கும் நாள், கணக்குக்கு வசதி என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உங்கள் ஊரில் அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் கடைசி வரை கடலைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2015-ல் நவம்பரும் டிசம்பரும் மாவட்டம் தண்ணீரில் கிடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. அது போதாதென்று தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. மற்ற தொழில்காரர்கள் அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். உங்களுக்கு அப்போதுதான் கம்பமும் கம்பியும் இன்சுலேட்டரும் நடு ராத்திரியில் லாரி ஏறும். புதுத் திரையில் எந்த இடத்தில் எதை அழுத்துவது என்று ஸ்டோர்ஸ்காரர் டார்ச் வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டிய மாதமா அது?

இதை உங்களைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனம் ஒன்று பட்டுப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் மின்சாரமும் எரிவாயுவும் விநியோகிக்கும் நேஷனல் கிரிட், தன் சம்பளம், கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் எஸ்ஏபி என்ற புதிய ஈஆர்பி அமைப்புக்கு ஒரே வீச்சில் மாற்றியது. 2012 அக்டோபர் 29-ல் சாண்டி புயல் கரையேறியது. புதிய அமைப்பு நவம்பர் 5-ல் தொடங்கியது. விழுந்த மின்பாதைகளைத் தூக்கி நிறுத்த இரவு பகலாக உழைத்தவர்களுக்குச் சம்பளம் தாறுமாறாக வந்தது. சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம். சப்ளையர் பில்கள் ஆயிரக்கணக்கில் தேங்கின. அமைப்பை நிறுவிக் கொடுத்த நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்கள். அது 2018-ல் 75 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. புயல் வராமல் இருந்தாலும் சிக்கல் வந்திருக்கும்தான். ஆனால் அந்த மாதத்தில் அதைக் கவனித்துச் சரிசெய்ய அங்கே யாருக்கும் கை ஒழியவில்லை. உங்கள் அறிக்கையில் இந்தக் கதைக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வெளிநாட்டில் படித்தவர் என்கிறீர்கள், வெளிநாட்டு உதாரணம் அவரிடம் எடுபடும்.

ஆனால் ஒன்று. பழையதை விட்டு வெளியே வர வேண்டும் என்பதில் சின்னவர் பக்கம்தான் நானும். ‘இத்தனை நாள் ஓடுகிறதே’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 9. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஒரு டேபிள் 2 ஜிபியைத் தொட்டால் அதற்குமேல் ஒரு வரிகூட ஏறாது. பழைய வருடங்களைத் தனியாகப் பிரித்து வைத்துத்தான் உங்கள் அண்ணன் சமாளித்துக்கொண்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் உங்கள் ஆடிட்டரிடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு வைக்கும் மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் தானாகப் பதிவாக வேண்டும். அதை யாரும் அணைத்து வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். டேலியில் அதற்கான பதிப்பு உண்டு. ஃபாக்ஸ்புரோவில் டேபிளைத் திறந்து ஒரு எண்ணை மாற்றிவிட்டு மூடினால் கடவுளுக்கும் தெரியாது. உங்கள் சம்பளச் செலவும் சரக்கு மதிப்பும் அங்கிருந்துதானே டேலிக்குப் போகின்றன? ஆடிட்டர் இன்னும் கேட்கவில்லை என்றால் கேட்பார்.

ஆகவே மாற வேண்டும். எப்போது, எந்த வரிசையில் என்பதுதான் பேச்சு. அதைச் சொல்வதற்கு முன் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம்.

அவர் எழுதிய நிரலில் உங்கள் கம்பெனியின் இருபது வருடத் தீர்மானங்கள் இருக்கின்றன. எங்கேயும் எழுதி வைக்காதவை. மின்கட்டமைப்பு வேலை செய்யும் நிறுவனங்களில் நான் பார்த்த பழைய மென்பொருள் எதிலும் விசித்திரமான ஒரு வேலை எண் இல்லாமல் இருந்ததில்லை. 9999, இல்லாவிட்டால் ‘பலவகை’. வெளியிலிருந்து வருகிற ஆலோசகர் அதைப் பார்த்தவுடன் ‘குப்பைத் தரவு, நீக்க வேண்டும்’ என்று குறித்துக்கொள்வார். ஒரு நிறுவனத்தில் அந்தக் ‘குப்பை’ எதற்கென்று தோண்டிப் பார்த்தோம். புயல் இரவில் எந்த வாடிக்கையாளர், எந்த வேலை ஆணை என்று தெரியாமலே சரக்கு வெளியே போகும். அதையெல்லாம் அந்த எண்ணில் போட்டு வைத்து, பத்து நாள் கழித்து லைன் இன்ஸ்பெக்டரின் குறிப்பை வைத்து உரிய வேலைகளுக்குப் பிரித்து மாற்றுவார்கள். அது இல்லாவிட்டால் சரக்கே வெளியே போயிருக்காது. அதே மென்பொருளில் இன்னொரு விசித்திரம்: ஒரு குறிப்பிட்ட ஸ்டோர்ஸுக்கு மட்டும் எல்லாச் சீட்டும் இரண்டு முறை அச்சாகும். காரணம், அங்கே முன்பிருந்த பொறுப்பாளர் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போவாராம். அவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

முதலாவது விதி, இரண்டாவது பழக்கதோஷம். நிரலைப் படித்து மட்டும் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘அண்ணே, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மெனு வாரியாக நாற்பது பக்கம் வரும், ஒன்றுக்கும் உதவாது. போன மழைக்காலத்துச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு சீட்டும் எப்படி உள்ளே போனது, எங்கே நின்றது, எந்தப் பில்லில் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுக்கேட்டு நீங்களே எழுதுங்கள். ‘இது ஏண்ணே இப்படி?’ என்று கேட்கிற இடத்தில்தான் விஷயம் வெளியே வரும். வாரம் இரண்டு மதியம் ஒதுக்கினால் மழைக்கு முன் பெரும்பகுதி முடிந்துவிடும்.

டிசம்பரில் அவரை மாலை போட்டு அனுப்பிவிடுவது முதலாளிக்கு மலிவாகத் தோன்றலாம். அடுத்த ஆண்டு டிசம்பர் வரை ஆலோசகராக, நியாயமான மாதத் தொகைக்கு, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் நீங்கள் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தங்களில் ஆகச் சின்னது அதுதான். ஆகப் பயனுள்ளதும் அதுவாக இருக்கும். அவரிடம் பேசும்போது ‘உங்கள் புரோகிராமைத் தூக்கப்போகிறோம்’ என்று தொடங்காதீர்கள், பாவம்.

இனி சரக்கு. எந்த மென்பொருள் வாங்கினாலும் உங்களைக் கவிழ்க்கப்போவது சரக்குப் பட்டியல்தான். கம்பியை எடுத்துக்கொள்வோம். ராபிட், டாக், பேந்தர் என்று ஏசிஎஸ்ஆர் கம்பிக்கு, அதாவது நடுவில் எஃகு வைத்த அலுமினிய மின்கம்பிக்கு, பெயர்கள். வடலூரில் ‘டாக் கண்டக்டர்’, காரைக்காலில் ‘ஏசிஎஸ்ஆர் 100’, வில்லியனூரில் ‘அலுமினியம் கம்பி பெரிசு’ என்று ஒரே பொருள் மூன்று பெயரில் இருக்கும். பெயராவது பரவாயில்லை, அளவு அதைவிட மோசம். வாங்குவது கிலோமீட்டரில், எடைபோட்டுச் சரிபார்ப்பது கிலோவில், தளத்துக்குக் கொடுப்பது மீட்டரில், திரும்பி வரும் துண்டுகளை ஸ்கிராப்பாகச் சேர்ப்பது மறுபடி கிலோவில். டாக் கம்பி ஒரு கிலோமீட்டர் சுமார் 394 கிலோ. ராபிட் அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல், 214 கிலோ. இந்த மாற்று எண்கள் இப்போது எங்கே இருக்கின்றன? ஸ்டோர்ஸ்காரர் தலையில் இருக்கும், இல்லையென்றால் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் லிட்டரும் கிலோவும் இதே கூத்துதான் அடிக்கும்.

பெயரையும் அளவையும் சரிசெய்யாமல் பழைய தரவைப் புதிய மென்பொருளுக்குள் ஏற்றுவது, வீடு மாறும்போது பரணில் இருந்த மூட்டைகளைப் பிரிக்காமலே புது வீட்டுப் பரணில் ஏற்றுகிற கதைதான். ஆகவே நான்கு ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே குறியீடு, ஒரே அடிப்படை அளவு என்று முடிவுசெய்யச் சொல்லுங்கள். சண்டை வரும், வரட்டும். இந்த வேலையை மென்பொருள் கம்பெனியிடம் விட்டால் இருப்பதை அப்படியே நகலெடுத்துவிட்டு ‘டேட்டா மைக்ரேஷன் முடிந்தது’ என்று பில் போடுவார்கள். அவர்களுக்கு டாக்கும் ராபிட்டும் நாயும் முயலும்தான். தொழிலாளர் பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் உண்டு. அதையும் இப்போதே செய்துவிடலாம்.

சரக்கில் இன்னொரு நுணுக்கம், டெமோவில் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் ஸ்டோர்ஸில் இருப்பதெல்லாம் உங்கள் சரக்கு கிடையாது. மின்வாரியமோ ஆலையோ வேலைக்காக இலவசமாகக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் உங்கள் கூரையின்கீழ் இருக்கும். அவற்றுக்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும், ஆனால் உங்கள் இருப்பு மதிப்பில் ஒரு ரூபாய்கூடச் சேரக் கூடாது. அவிழ்த்தெடுத்த பழைய சாமான்களை அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். கடையிலோ தொழிற்சாலையிலோ பழகிய ஈஆர்பிக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் பில்லும் அப்படியே. எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அளவு, வாடிக்கையாளர் பிடித்து வைக்கும் தொகை, மின்சாதனத் தொழில் சங்கமான ஐஈமாவின் குறியீட்டின்படி விலை ஏற்ற இறக்கம், காலாவதியாகும் பேங்க் கேரண்டி, எல்லாம் ஒரே பில்லைச் சுற்றி நடப்பவை. ‘அதெல்லாம் கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் மேடம்’ என்று சொன்னால், அதற்கு எவ்வளவு, பதிப்பு மாறும்போது மறுபடி எவ்வளவு என்று அங்கேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து உங்கள் ஊருக்கே உரிய தலைவலி. கடலூரிலிருந்து வில்லியனூர் முப்பது கிலோமீட்டர் இருக்குமா? ஆனால் எல்லையான முள்ளோடையைத் தாண்டியதும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டின் 33-லிருந்து புதுச்சேரியின் 34-க்கு மாறிவிடுகிறது. இரண்டு பதிவும் உங்களுடையதே என்றாலும் சட்டத்தின் கண்ணில் அவை தனித்தனி நபர்கள். கடலூர் ஸ்டோர்ஸிலிருந்து வில்லியனூர் ஸ்டோர்ஸுக்குக் கம்பி போனால் அது வேறு மாநிலத்துக்குச் செய்த விற்பனை மாதிரிதான்: ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) போட்ட இன்வாய்ஸ், உங்கள் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸ், சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில். மறுபக்கம், வில்லியனூரிலிருந்து காரைக்காலுக்குப் போகும் லாரி கடலூர், சிதம்பரம் எல்லாம் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் நூறு கிலோமீட்டர் போல ஓடினாலும், இரண்டும் ஒரே 34 பதிவுக்குள் இருப்பதால் அது ஒரே மாநிலத்துக்குள் நடந்த மாற்றம்தான். லாரி உங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டிப் போகும். உங்கள் கடலூர்க் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது!

மென்பொருளில் நான்கு ஸ்டோர்ஸையும் வெறும் ‘கோடவுன்’ என்று வரிசையாக அமைத்துவிட்டால் இது தலைகீழாகிவிடும். நான்கும் ஒரே பதிவின்கீழ் விழுந்து, கடலூர்–வில்லியனூர் லாரி வெறும் டெலிவரி சலானோடு புறப்படும். அமைத்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே மூன்று கம்பெனிகளிடமும் இந்த இரண்டு லாரிகளையும் கொடுத்து, ‘எங்கள் கண்முன்னே பதிவு போட்டுக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் காரைக்கால் எங்கே இருக்கிறது என்று மேப்பைத் திறக்கும்போதே உங்களுக்குப் பாதி விடை தெரிந்துவிடும்.

வரிசைக்கு வருகிறேன். இப்போதிலிருந்து செப்டம்பர் வரை சரக்குப் பட்டியலும் அண்ணனின் விதிகளும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எதையும் மாற்றாதீர்கள். பழைய மென்பொருளிலேயே மழையைக் கடந்துபோங்கள். ஆனால் ஒவ்வொரு அவசர வேலையையும் குறித்து வையுங்கள், அதுதான் புதிய மென்பொருளுக்கான பரீட்சைத் தாள். பொங்கல் கழிந்ததும் ஒரே ஒரு ஸ்டோர்ஸில், வடலூரில் என்பேன், இருப்பையும் வேலை ஆணையையும் மட்டும் புதியதில் தொடங்குங்கள். கடலூர் வேண்டாம், அது பெரியது. வில்லியனூரும் வேண்டாம், அங்கே வரிச் சிக்கல் கூடுதல். மார்ச் 31 அன்று எப்படியும் நான்கு இடத்திலும் சரக்கு எண்ணுவீர்கள். அந்த எண்ணிக்கையையே தொடக்க இருப்பாக வைத்து ஏப்ரல் 1-ல் மற்ற மூன்றும் சேரட்டும். அடுத்த மழைக்கு முன் பழகிக்கொள்ள ஆறு மாதம் கிடைக்கும். மார்ச்சில் பில் அனுப்பும் அவசரத்தில் ஒப்பந்த பில்லையும் இதோடு சேர்த்து இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது ஜூலையில் வரட்டும். டேலி அப்படியே இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகாது. இருப்பு மதிப்பை மாதாமாதம் அதற்குள் கொண்டுவர ஒரு இணைப்புப் போதும். சம்பளம் கடைசி. ஒரு மாதம் சம்பளம் தப்பாக வந்தால் தொழிலாளி அந்த மென்பொருளை வருடக்கணக்கில் நம்ப மாட்டார். பழையது, புதியது இரண்டிலும் இரண்டு மாதம் கணக்குப் போட்டு, காசு வரை ஒத்துப்போன பிறகு மாற்றுங்கள்.

எஸ்ஏபியின் பழைய பதிப்பான இசிசிக்கு 2027 கடைசியோடு வழக்கமான ஆதரவு முடிகிறது என்று உங்களை யாராவது அவசரப்படுத்துவார்கள். அது எஸ்ஏபி வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் கவலை. உங்களுக்கு அந்தக் கெடு கிடையாது. அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மாறுவதால் நல்ல ஆலோசகர்கள் கிடைப்பது கடினமாகலாம், அவ்வளவுதான்.

கிளவுட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தானேயின்போதோ 2015-லோ சர்வர் தரைத்தளத்தில் இருந்த அலுவலகங்கள் பட்டதை உங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். தரவு ஊரை விட்டு வெளியே இருப்பது நல்லது. சர்வர் இந்தியாவுக்குள் இருக்கட்டும், கணக்கின் நகல் தினமும் இங்கே இருக்க வேண்டும் என்று கம்பெனி விதியும் சொல்கிறது. ஆனால் புயல் இரவில் செல்போன் டவரும் விழும். நெட் இல்லாமல் ஸ்டோர்ஸில் சரக்குக் கொடுக்க முடியுமா, நெட் வந்ததும் அது தானாக ஏறுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், எண்ணிட்ட காகிதச் சீட்டுப் புத்தகம் ஒவ்வொரு ஸ்டோர்ஸிலும் இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் யார் அதை ஏற்றுவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதி விஷயமும் அப்படித்தான். மேலாளர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது என்று டெமோவில் பெருமையாகக் காட்டியிருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு எந்த மேலாளர் ஒப்புதல் தருவார்? முதலில் கொடு, பிறகு ஒப்புதல் வாங்கு என்ற வழி ஒன்று அதிகாரப்பூர்வமாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டோர்ஸ்காரரின் பாஸ்வேர்டை எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள்.

பாஸ்வேர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 மே 7-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தைப் பணயத் தீநிரல் (கணினிகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்) தாக்கியது. நாட்டின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் குழாய்ப்பாதை அது. தாக்கப்பட்டவை அலுவலகக் கணினிகள்தான். ஆனால் நிலைமை தெரியாமல் நிறுவனமே குழாயை நிறுத்திவிட்டது. மீண்டும் ஓட ஐந்து நாள். ஊடுருவியவர்கள் வந்த வழி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு, அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் கணக்கு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாமல், வெறும் பாஸ்வேர்டில் திறந்தது. நம் பக்கத்தில் 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்தது. அதுவும் நிர்வாகப் பிரிவுக் கணினியில், உலை இயக்கத்தைத் தொடவில்லை. ஆகவே நீங்கள் பராமரிக்கும் ஆலைகளின் ஸ்காடாவோடு (இயந்திரங்களைக் கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) உங்கள் புது ஈஆர்பியை ‘லைவ் டேட்டா வரும்’ என்று யாராவது நேரடியாக இணைக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடுங்கள். எல்லாருக்கும் ஓடிபி. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லிருந்து விதி. யார் தெரிவிப்பது என்று ஒரு பெயர் எழுதி வையுங்கள்.

ஸ்டோர்ஸ்காரர்கள் முணுமுணுப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படுகிறது. பேசாமல் இருந்தால்தான் பயம். அவர்களுடைய முணுமுணுப்பில் முக்கால்வாசி நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம்: ‘டிரம்மில் சுற்றிய கம்பியை வெட்டினால் மிச்சம் எங்கே காட்டுவது’, ‘திரும்பி வந்த இன்சுலேட்டர் புதுசா பழசா’. சங்கடம் எங்கே வரும் என்றால், நோட்டிலும் எழுது, கம்ப்யூட்டரிலும் ஏற்று என்று ஆறு மாதம் இரண்டையும் செய்யச் சொல்லும்போது. வடலூரில் இரண்டு மாதத்துக்கு மட்டும் இரட்டைப் பதிவு, அதற்கு ஒரு ஆள் கூடுதல் என்று முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். திரையில் தமிழ் வருமா என்றும் பாருங்கள். பொருள் பெயர் இங்கிலீஷில் இருக்கட்டும், பரவாயில்லை, அது அவர்களுக்குப் பழகியது. பிழைச் செய்தி தமிழில் வந்தால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

இப்போது சின்னவரிடம் என்ன கொடுப்பது. மூன்று கம்பெனியையும் ஒப்பிட்டு இருபத்தைந்து வரி அட்டவணை போடாதீர்கள், எல்லாக் கட்டத்திலும் மூன்று பேருமே ‘உண்டு’ என்றுதான் எழுதித் தருவார்கள். மூன்று பக்கத்தில் ஒரு அறிக்கை போதும். முதல் பக்கத்தில் தேதி ஏன் ஏப்ரல் என்பது. இரண்டாவதில் மூன்று கம்பெனிக்கும் நாம் வைக்கும் பரீட்சை: உங்கள் சொந்தத் தரவில், உங்கள் ஸ்டோர்ஸ்காரர் கையால், நான்கு காரியம். புயல் இரவில் வேலை எண் இல்லாமல் சரக்குக் கொடுப்பது, கடலூர்–வில்லியனூர் லாரி, வில்லியனூர்–காரைக்கால் லாரி, வாரியத்தின் இலவசச் சரக்கோடு ஒரு ரன்னிங் பில். இதில் எவர் குறைவாகத் தடுமாறுகிறாரோ அவர். விலை அதற்குப் பிறகு.

மூன்றாவது பக்கத்தில் பணம். சின்னவர் அதைத்தான் முதலில் புரட்டுவார், ஆகவே தெளிவாக எழுதுங்கள். லைசென்ஸ் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். வருடாந்தரப் பராமரிப்பு, ஆள் எண்ணிக்கை கூடினால் கூடும் கட்டணம், கஸ்டமைசேஷன், பயிற்சி எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குக் கூட்டிக் காட்டுங்கள். அண்ணனின் மாதத் தொகையும், வடலூரின் கூடுதல் ஆளும் இந்தக் கணக்கிலேயே வர வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் உங்கள் தரவு முழுவதையும் சாதாரண எக்செல் வடிவில் எத்தனை நாளில், எந்தக் கட்டணமும் இல்லாமல் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவணைகளைத் தேதியோடு கட்டாதீர்கள், வேலையோடு கட்டுங்கள். சரக்குப் பட்டியல் ஏறி எண்ணிக்கை ஒத்துப்போனால் ஒரு தவணை, வடலூர் இரண்டு மாதம் தடையில்லாமல் ஓடினால் ஒரு தவணை, நான்கு ஸ்டோர்ஸும் முதல் காலாண்டைக் கணக்கோடு முடித்தால் ஒன்று. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது பிடித்து வைத்து, புதிய மென்பொருள் ஒரு மழைக்காலத்தை முழுதாகப் பார்த்த பிறகு, அதற்கு அடுத்த ஜனவரியில் கொடுப்பதாக எழுதுங்கள். உங்கள் பில்லில் வாடிக்கையாளர்கள் பிடித்து வைக்கிறார்களே, அதே வழக்கம்தான்; முதலாளிக்கு விளக்கவே வேண்டியிருக்காது. இந்த ஷரத்தைக் கேட்டதும் மூன்றில் ஒரு கம்பெனி விலகிக்கொண்டால் வருத்தப்படாதீர்கள்.